வயதுக்கேற்ற உடை, வரவுக்கேற்ற செலவு

ஆண்டுக்கொரு முறை கடைக்கு வெள்ளையடிக்கிறோம். பெயர்ப் பலகைக்குப் புது வர்ணம் பூசுகிறோம். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் தவறாமல் முத்திரை வைக்கிறோம். ஆயுதபூஜைக்குக் கல்லாப் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்தக் கல்லாவில் உட்காருகிற ஆளுக்கு மட்டும் எதுவும் செய்வதில்லை. முப்பது வயதில் எந்த அளவு கொடுத்துச் சட்டை தைத்தோமோ, அதே அளவில்தான் ஐம்பத்தைந்திலும் தைக்கிறோம். வயிற்றுப் பக்கம் பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கழுத்துப்பட்டை தளர்ந்து தொங்குகிறது. கேட்டால், "கடையில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு என்ன அலங்காரம்?" என்கிறோம்.

அலங்காரத்தைப் பற்றி நாம் இங்கே எழுதவில்லை. நம் தொழிலைப் பற்றித்தான் எழுதுகிறோம். இன்று காரைக்காலில் மளிகை வாங்க வருகிறவர்களுக்கு வேறு இடங்களும் இருக்கின்றன. குளிரூட்டிய கடைகளில் சீருடை அணிந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே சாமான் வருகிறது. அப்படியிருந்தும் நம்மிடம் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? தெரிந்த முகம், தெரிந்த கை, பற்று எழுதிக்கொள்கிற மனம், இவற்றுக்காகத்தான். அந்தக் கையால்தான் பருப்பை அள்ளுகிறோம், அந்தக் கையால்தான் சர்க்கரையைப் பொட்டலம் கட்டுகிறோம். வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு படிந்த சட்டையோடு அள்ளிக் கொடுத்தால், வாங்குகிற அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்.

வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்ப உடையை மாற்றிக்கொண்டவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் காந்தியடிகள். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையையும் தொப்பியையும் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். அப்போது அவருக்கு 52 வயது நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது. கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் அது. முழு உடைக்குத் துணி இல்லையென்றால் அரை உடை போதும் என்றார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார் என்பது பலருக்குத் தெரியாது. அது அவர் காலம் முழுதும் நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் இன்று கதர்க் கடை நடக்கிறது.

நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தொழிலுக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். காமராசரின் தந்தையார் விருதுநகரில் தேங்காய் வியாபாரி. காமராசரே சிறுவயதில் மாமாவின் ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். 1954-இல், ஐம்பது வயதில், முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறியதும் அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள்தான். முரட்டுக் கதரில் தளர்வான சட்டை, வேட்டி, தோளில் துண்டு, இதுவே அவர் உடை. 1966-இல் சோவியத் நாட்டுக்குப் போனபோதும் வேட்டி சட்டையை அவர் விடவில்லை. ஒரு வியாபாரி அதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தன் உடம்புக்கும் வேலைக்கும் சரிப்படும் ஒரே மாதிரி உடையை முடிவு செய்துகொண்டார். அதில் நாலைந்து உருப்படி வைத்துக்கொண்டார். அதோடு சரி. காலையில் எதை உடுத்துவது என்ற யோசனையும் கிடையாது, வீண் செலவும் கிடையாது.

வேட்டிக்கு இடையில் ஒரு சோதனைக் காலம் வந்தது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு மன்றத்துக்குள் விடவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு பொங்கலுக்கு வந்த 'வீரம்' படத்தில் அஜித் நரைத்த தலையோடு வேட்டி கட்டி வந்தார். அதுவரை வேட்டியைக் கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் மட்டும் என்று ஒதுக்கிய பையன்கள், தந்தையின் பீரோவைக் குடைந்து வேட்டி தேடினார்கள். சட்டம் சாதித்தது கொஞ்சம், சினிமா சாதித்தது அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

வேட்டியும் சட்டையும்

இனி காரியத்துக்கு வருவோம். கடையில் நாள் முழுதும் உட்கார்ந்து எழுபவருக்கு நாலு முழ வேட்டி போதும். எட்டு முழம் விசேஷத்துக்கு. வாங்கும்போது கரையின் அழகைப் பார்க்கிறோமே தவிர, நூல் என்ன என்று கேட்பதில்லை. 40-ஆம் நம்பர் நூல் தடிப்பானது, உழைக்கும். 80, 100 என்று ஏற ஏற நூல் மெலிந்து துணி வழவழப்பாகும்; விலையும் ஏறும்; சாக்கு மூட்டையில் உரசினால் சீக்கிரம் கிழியும். கடைக்கு 40 அல்லது 60, கல்யாணத்துக்கு 80 அல்லது 100 என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் நீடிக்கும். இடுப்பு பெருத்தவர்களுக்கும், குனிந்து நிமிரும்போது முடிச்சு அவிழுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த வேட்டி வந்திருக்கிறது. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. இடுப்புவலி உள்ளவர்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் வாங்கலாம்.

கைலியைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கிடங்கில் சரக்கு இறக்குகிறபோது அதைவிட வசதியான உடை ஏது? ஆனால் கல்லாவுக்கு வரும்போது, மடித்துக் கட்டியதை இறக்கி விட்டுக்கொள்வது நம் ஊரில் மரியாதை. வயதானவர் இறக்கி விட்டுக்கொண்டு பேசினால் எதிரில் நிற்கிற இளையவருக்கும் கொஞ்சம் பணிவு வருகிறது.

சட்டையில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். பளபளக்கும் பாலியஸ்டர் துணி கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்று வாங்குகிறோம். நம்முடையது கடலோர ஊர். சித்திரை வைகாசியில் காற்றே ஈரமாக இருக்கும். அந்தத் துணிக்குள் வியர்வை வெளியேறாமல் தங்கி நாற்றமும் அரிப்பும் வரும். ஐம்பதுக்கு மேல், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, கக்கத்திலும் இடுப்பிலும் வருகிற படைக்கு இதுவும் ஒரு காரணம். பருத்தியே உத்தமம். இஸ்திரிச் செலவைக் குறைக்க வேண்டுமானால், பருத்தி அதிகமும் பாலியஸ்டர் குறைவுமாகக் கலந்த துணி வாங்கலாம்.

ஆயத்தச் சட்டைகள் உடம்பு வளைந்து கொடுக்கும் பிள்ளைகளுக்காக வெட்டப்படுகின்றன. தோள் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கிறது, வயிற்றுக்கு வாங்கினால் தோள் இறங்குகிறது. இந்த வயதில் தையற்கடைக்குப் போவதுதான் சிக்கனம். 36 அங்குலப் பன்னா என்றால் இரண்டே கால் மீட்டர் வேண்டியிருக்கும். 58 அங்குலப் பன்னாவில் 1.60 மீட்டரில் முடிந்துவிடும். பெருத்த உடம்புக்குக் கொஞ்சம் கூடும். பழைய அளவுச் சட்டையைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லாமல், நின்று அளவு கொடுக்க வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டு அளவு கொடுப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. தையற்காரர் சிரித்துக்கொண்டே ஓர் அங்குலம் கூட்டி எழுதிக்கொள்வார். நல்ல தையற்காரர் என்றால் அப்படித்தான் செய்வார்.

அவரிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அரைக்கை. மிளகாய் வற்றலிலும் எண்ணெயிலும் கைவிடுகிற தொழிலில் முழுக்கைச் சட்டையை மடக்கி மடக்கி விட்டு என்ன பயன்? இரண்டாவது, பை. கைப்பேசி, பேனா, சில்லறை, கண்ணாடி, துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் மேல்பையில் திணித்து ஒரு பக்கத் தோளே இறங்கிப்போகிறது. மேல்பைக்கு இரட்டைத் தையலும், உள்பக்கம் ஒரு பையும் கேட்டு வாங்குங்கள். பணம் உள்ளே, பேனா வெளியே.

நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளைக்கு ஈடில்லை என்று பழக்கப்பட்டுவிட்டோம். மே 5 வணிகர் தின மாநாட்டுப் பந்தலைப் பார்த்தால் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையும் சொள்ளையும்தான். ஆனால் மளிகைக் கடையில் வெள்ளை பத்து மணி வரை தாங்கினால் பெரிது. நரைத்த தலைக்கும் வெயில் பட்ட முகத்துக்கும் வெளிர் நீலம், சந்தன நிறம், இளம்பச்சை ஆகியவை நன்றாகப் பொருந்தும். அழுக்கும் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நெஞ்சில் ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதிய பனியன்களை மகனுக்கு விட்டுவிடலாம். என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குமே தெரியாது.

கறைகளைப் பற்றி

நம் தொழிலில் சட்டையைக் கொல்வது கறை. மஞ்சள் தூள் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் அது சிவந்துபோகும்; அதைப் பார்த்துத் துணி கெட்டுவிட்டது என்று பயந்து பலர் போட்டுத் தேய்க்கிறார்கள். சோப்பின் காரத்தால் வரும் நிறமாற்றம் அது. அலசினால் மறுபடி மஞ்சளாகும். பிறகு நல்ல வெயிலில் போட வேண்டும். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. இரண்டு மூன்று நாள் வெயிலில் பெரும்பாலும் வெளுத்துவிடும். எண்ணெய் பட்டால் தண்ணீர் விடாமல் முதலில் அரிசி மாவையோ சாக்குக்கட்டித் தூளையோ தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டுத் தட்டிவிட்டுச் சோப்பு போடுங்கள். எண்ணெய் டின்னின் துருக் கறைக்கு எலுமிச்சம் பழமும் உப்பும் கடையிலேயே இருக்கின்றன.

சொட்டு நீலத்தை நேராகத் துணிமேல் விடாமல் வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்க வேண்டும். இல்லையென்றால் வேட்டியில் நீலத் திட்டு விழும். கஞ்சி போட்ட துணியை ஐப்பசி கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சியைத் தின்னப் பூச்சியும் வரும். பாச்சை உருண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையும் வீடும் ஒன்றாக உள்ளவர்களுக்கு அந்த வாடை அரிசியிலும் டீத்தூளிலும் ஏறிவிடும். பிறகு சரக்கு திரும்பி வரும்.

உணவுப் பொருளைக் கையால் எடுத்துக் கொடுக்கிறவர் சுத்தமான உடையும் மேலங்கியும் தலையுறையும் அணிய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளும் சொல்கின்றன. ஒரு மேலங்கி தைக்க ஒரு மீட்டர் கெட்டித் துணி போதும். அதை மாட்டிக்கொண்டால் அதிகாரியும் திருப்தி அடைவார், சட்டையும் பிழைக்கும்.

தலை, கண், கால்

நரைக்குச் சாயம் பூசுவது அவரவர் விருப்பம். ஆனால் விலை மலிவான கருஞ்சாயங்களில் பாரா பினைலீன் டைஅமின் என்ற ரசாயனம் சேர்கிறது. சிலருக்கு அது ஒவ்வாமல் நெற்றி வீங்கும், தோல் உரியும், கண் மூடிக்கொள்ளும். பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராவது வருடம் திடீரென்று வருவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். பொடி எழுத்தாக இருப்பதால் நாம் படிப்பதில்லை. பூசாமல் விட்டால் செலவு மிச்சம். ரஜினிகாந்தே வெளியில் வழுக்கையும் நரையுமாகத்தான் நடமாடுகிறார். அவர் பெயர் குறைந்துவிடவில்லை. நரையை விடுகிறவர்கள் முடியையும் மீசையையும் மாதம் தவறாமல் திருத்திக்கொண்டால் போதும். நரையில் தாடி வளரவிட்டு, நாலு நாள் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தால், கொள்முதலுக்குப் பணம் இல்லையோ என்று மொத்த வியாபாரி யோசிப்பார். வதந்திக்கு நம் கடைத்தெருவில் அது போதும்.

மேலே சொன்ன பொடி எழுத்துக்கு வருவோம். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோம்; காலாவதித் தேதியைக் கடைப்பையனிடம் படிக்கச் சொல்கிறோம். 3-ஐ 8 என்று பேரேட்டில் எழுதி நட்டப்பட்டவர்கள் நம்மில் உண்டு. நடைபாதையில் விற்கிற கண்ணாடியை வாங்கி மாட்டாமல் ஒருமுறை கண்ணைச் சோதித்து வாங்குவது நல்லது. சர்க்கரையோ கண் அழுத்தமோ இருந்தால் அங்கேயே தெரியவரவும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான்.

கால் விஷயம்தான் எங்களுக்கு அதிகக் கவலை தருவது. கல்லா லட்சுமி இருக்கிற இடம் என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாள் முழுதும் வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நிற்கிறோம். அந்த நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் சர்க்கரை முற்றிய காலுக்கு உணர்ச்சி குறைந்துவிடும். சாக்கு தைத்த ஊசியோ டின் தகடோ குத்தினால் தெரியாது. புண் அழுகிய பிறகு வாடை வந்துதான் தெரியும். அதில் விரலை இழந்தவர்கள், காலை இழந்தவர்கள் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு இதற்கென்றே வருகிறது. தெருவுக்கு ஒன்று, கடைக்குள் மட்டும் போட இன்னொன்று என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். உள்செருப்பு தெருவை மிதிப்பதில்லையே, லட்சுமி கோபிக்க மாட்டாள்.

கடை நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நைட்டியும் மேலே ஒரு துண்டுமாகக் கல்லாவில் அமர்வதைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். விடியற்காலை பால் பாக்கெட் இறக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடையும் பார்க்கிறவருக்கு அது வசதி. அதைக் குறை சொல்கிறவர் ஒருநாள் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும். அதே சமயம், ஐம்பது தாண்டியவர்கள் சிலர் எங்களிடம் சொன்னது, மெல்லிய பருத்திப் புடவைக்கு மாறியபின் விற்பனைப் பிரதிநிதிகள் "முதலாளி எங்கேம்மா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்களாம். சின்னாளப்பட்டிச் சுங்குடி மாதிரிச் சேலைகள் எடை குறைவு, துவைக்க எளிது, கடையில் நடமாடவும் தோதானவை.

கணக்கு

வியாபாரியிடம் கணக்கு இல்லாமல் பேசக்கூடாது. 1,500 ரூபாய்க்குப் பளபளப்பான சட்டை எடுத்துப் பத்து முறை போட்டு பீரோவில் தொங்கவிட்டால், ஒருமுறைக்கு 150 ரூபாய். 700 ரூபாய்க்குத் தைத்த பருத்திச் சட்டையை 140 முறை போட்டுத் துவைத்தால், ஒருமுறைக்கு 5 ரூபாய். எது மலிவு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆண்டுக்கு நாலு சட்டை 2,800, நாலு வேட்டி 1,600, இரண்டு ஜோடி செருப்பு 1,200, கண்ணாடிக்கு 1,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,100 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. விலையை உங்கள் ஊர்க் கடை விலைக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் வருடா வருடம் வாங்குவதில்லை.

எப்போது வாங்குவது என்பதிலும் மிச்சம் இருக்கிறது. தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸ் கிளைகளில் கைத்தறிக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி கிடைப்பது வழக்கம். 1935-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை போகிற வேலையோடு சேர்த்துப் பார்த்து வரலாம். 'கனவு நனவு' என்ற சேமிப்புத் திட்டமும் அங்கே உண்டு. பதினோரு மாதத் தவணை நாம் கட்டினால், பன்னிரண்டாவது தவணையை நிறுவனம் போடும். சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. நம் புதுச்சேரி மாநிலத்தின் பாண்டெக்ஸ் துணிகளையும் கேட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விசைத்தறியைக் கைத்தறி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வரியைப் பொறுத்தவரை, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேதம் துணிக்கு இல்லை. ஆயத்த ஆடை ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை இப்போது 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதம் கட்டினோம். ஆகவே 2,600 ரூபாய்ச் சட்டையைக் கையில் எடுக்கிறவர் கொஞ்சம் யோசித்து வைத்துவிடலாம்.

பழைய துணிகளை என்ன செய்வது என்பது நம் ஊரில் தனிக் கேள்வி. திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்திய துணியைக் கரையில் விட்டுப் போகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அது அவர்கள் வேண்டுதல். நம் வீட்டு பீரோவில் முப்பது வயதுச் சட்டைகள் "எப்படியும் இளைத்துவிடுவோம்" என்ற நம்பிக்கையில் தொங்குகின்றன. அவற்றில் நல்லதைக் கடைப்பையன்களுக்குக் கொடுக்கலாம், துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். நைந்த வேட்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பல வருடம் துவைத்து மெலிந்த வேட்டித் துணியைப்போல எண்ணெய் வடிகட்டவும், தராசுத் தட்டைத் துடைக்கவும், வீட்டில் பிறந்த பேரக்குழந்தைக்கு விரிக்கவும் புதுத் துணி ஒன்றும் வராது.